ரிமோட் கார்களின் ‘ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல்’: பெட்டியில் தெளிவு தேவை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பொழுதுபோக்குக்கான ரேடியோ கட்டுப்பாட்டு (ஆர்.சி.) கார்களின் பெட்டிகளில் ‘ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல்’, ‘டிராக்‌ஷன் கன்ட்ரோல்’ என்று அச்சிட்டிருப்பதைப் பார்ப்பவர்கள், சாலையில் ஓடும் கார்களில் உள்ள அதே ஏற்பாடு இதிலும் சிறிய அளவில் இருப்பதாக எண்ணிவிடுகிறார்கள். அந்த எண்ணம் தவறு. பாஷ் நிறுவனம் உருவாக்கி 1995-இல் மெர்சிடிஸ் பென்ஸ் கார்களில் அறிமுகமான ஈ.எஸ்.பி. என்னும் மின்னணு நிலைப்படுத்தும் அமைப்பு, வண்டி சறுக்கும்போது தேவையான ஒரு சக்கரத்துக்கு மட்டும் பிரேக் கொடுத்து வண்டியை நேராக்குகிறது. வழக்கமான ஆர்.சி. காரில் இருப்பதோ ஒரு மோட்டாரும் ஸ்டீயரிங்கைத் திருப்பும் ‘சர்வோ’ என்ற சிறு மோட்டார் கருவியும்தான். ஆகவே எந்தப் பெயரில் விற்றாலும், ஸ்டீயரிங்கை எதிர்ப்புறம் திருப்புவதையும் மோட்டாரின் விசையைக் குறைப்பதையும் தவிர அதனால் வேறெதுவும் செய்ய இயலாது.

இந்த ஸ்டெபிலிட்டி கன்ட்ரோலின் மையம் ‘கைரோ’ என்ற சுழற்சி உணரி. ரேடியோ சமிக்ஞையை வாங்கும் ரிசீவருக்கும் சர்வோவுக்கும் நடுவே அமரும் அது, கார் எவ்வளவு வேகமாகச் சுழல்கிறது என்பதை உணர்ந்து, சர்வோவுக்குப் போகும் மின்துடிப்பின் நீளத்தைச் சற்றுக் கூட்டியோ குறைத்தோ அனுப்புகிறது. துடிப்பு பொதுவாக 1500 மைக்ரோ நொடி நீண்டால் சக்கரங்கள் நேர், 1000-மும் 2000-மும் இரு ஓரங்கள். எளிய கைரோவுக்கு நாம் விரும்பித் திருப்புவதற்கும் பின்பக்கம் வழுக்கிச் சுழல்வதற்கும் வேறுபாடு தெரியாது என்பதால், கெய்னை (அது திருத்தும் அளவை) அதிகமாக வைத்தால் வளைவில் கார் திரும்ப மறுக்கும். சர்வோ மந்தமாக இருந்தால் திருத்தம் பிந்திப் போய், நேர்ப் பாதையிலேயே வால் ஆடத் தொடங்கும். கைரோவின் திசை தலைகீழாக அமைந்திருந்தால் அது சறுக்கலை அடக்குவதற்குப் பதில் வளர்க்கும். ஓட்டுவதற்கு முன் இதைச் சோதிப்பது எளிது: காரைக் கையில் தூக்கி, அதன் பின்பக்கத்தை இடப்புறம் வெடுக்கென்று வீச வேண்டும், முன்சக்கரங்களும் இடப்புறமே திரும்பினால் திசை சரி. மின்சாரம் கொடுத்தவுடன் சில நொடிகள் காரை அசைக்காமல் வைப்பதும் அவசியம், ஏனெனில் கைரோ தன் பூஜ்யத்தை அப்போதுதான் நிர்ணயிக்கிறது.

டிராக்‌ஷன் கன்ட்ரோலில் குழப்பம் இன்னும் அதிகம். சக்கரம் வழுக்குவதை அளக்க வேண்டுமானால், மோட்டார் சுழற்றும் சக்கரத்தின் வேகத்தை, தானாக உருளும் சக்கரத்தின் வேகத்துடன் ஒப்பிட வேண்டும். நான்கு சக்கரங்களையும் மோட்டாரே சுழற்றும் காரில் ஒப்பிட அப்படியொரு சக்கரமே இல்லை. பல கார்களில் அந்தப் பெயரில் கிடைப்பது, த்ராட்டிலை (வேக விசையை) அழுத்தியதும் விசை மெல்ல ஏறும்படி செய்யும் அமைப்பு மட்டுமே. தார்த் தரையா, உதிரி மணலா என்று அது அறியாது. தொடக்கநிலையில் இருப்பவருக்கு இதுவும் உதவிதான். ஆனால் தரைக்கேற்ற டயர், டிஃபரன்ஷியல் (இரு பக்கச் சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் பல்சக்கர அமைப்பு) எண்ணெயின் கெட்டித்தன்மை, ஸ்பிரிங் ஆகியவற்றைச் சரிசெய்யாமல் மின்னணுவை நம்புவதை நான் ஏற்கமாட்டேன்.

பின்சக்கரங்களை மட்டும் மோட்டார் சுழற்றும், வேண்டுமென்றே சறுக்கி ஓட்டும் ‘டிரிஃப்ட்’ கார்களில் கைரோ இல்லாமல் ஓட்டுவது மிகவும் கடினம். வேகப் பந்தயங்களின் விதிகளோ பல இடங்களில் கைரோவைத் தடை செய்கின்றன. எப்போதும் கைரோவின் துணையோடு பழகிய இளைஞர், தடையுள்ள களத்தில் முதல் வளைவிலேயே தடுமாறுவார். எனவே தயாரிப்பாளர்கள், தங்கள் கருவி சுழற்சியை அளக்கிறதா, சக்கர வழுக்கலை அளக்கிறதா, எதையும் அளக்காமல் விசையை மட்டும் மட்டுப்படுத்துகிறதா என்பதைப் பெட்டியிலேயே வெளிப்படையாக அச்சிட வேண்டும். கெய்னைப் படிப்படியாகக் குறைக்கவும் முழுவதும் அணைக்கவும் டிரான்ஸ்மிட்டரிலேயே (கையில் பிடிக்கும் ரிமோட்டிலேயே) வசதி தர வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்