தறிச் சத்தமும் ஞாபக சக்தியும்

அனைவருக்கும் வணக்கம். போன வாரம் அம்மாப்பேட்டைத் தறிக்கூடத்தில் நம் பெரியவர் ஒருவர் பச்சை நூல் சுற்றிய தாருக்குப் (குழலுக்குப்) பதில் நீலத் தாரை நாடாவில் (நூலைக் குறுக்கே கொண்டுபோகும் ஓடத்தில்) போட்டுவிட்டார். "வயசாயிருச்சு, மறக்குது" என்றார்கள். பக்கத்தில் உட்கார்ந்து விசாரித்தேன். சொன்ன நிறமே அவர் காதில் விழவில்லை!

விசைத்தறிச் சத்தம் வருஷக்கணக்கில் காதைக் கெடுக்கும். கேட்கும் திறன் குறைவது, பார்வைக் குறைவைச் சரிசெய்யாமல் விடுவது, ரத்த அழுத்தம், சர்க்கரை உட்பட 14 காரணங்களைக் கவனித்தால் முதுமை மறதி நோயில் ஏறக்குறைய 45 சதவீதத்தைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ வாய்ப்புண்டு என்கிறது லான்செட் மருத்துவ இதழின் 2024 ஆணைய அறிக்கை.

50 தாண்டியவர்கள் அரசு மருத்துவமனையில் காது, கண் பார்த்துக்கொள்ளுங்கள். துணைக்கு நான் வருகிறேன். அப்புறம், ஞாயிறு காலை 10 மணிக்குப் புது டிசைன் பயிற்சி. பெரியவர்களுக்குத்தான் முதல் இடம்.