மோவாப் ஜீப் பாதை, கோர்ட்டுக்குப் போனது தப்பா?

ஆசிரியருக்கு வணக்கம். யூட்டா மாநிலத்துல இருக்கேன். மோவாப் பக்கம் லேபிரிந்த் கேன்யன், ஜெமினி பிரிட்ஜஸ் ஏரியாவுல 2023 செப்டம்பர்ல அமெரிக்காவோட பொது நிலங்களைப் பார்த்துக்கிற பி.எல்.எம்.ங்கிற அரசு ஏஜென்சி 317 மைல் பாதைகளை மோட்டார் வண்டிக்கு மூடிட்டாங்க, அதை எதிர்த்து, பொது நிலத்துல ஜீப் மாதிரி வண்டி ஓட்டுறவங்களுக்காகப் பேசுற ப்ளூரிப்பன் கோயலிஷன்ங்கிற அமைப்பு கோர்ட்டுக்குப் போனதுக்கு இங்க பல பேர் "இயற்கைக்கு எதிரிங்க"ன்னு திட்டுறாங்க, எனக்கு அது சரியாப் படல.

அந்தப் பாதைங்க பலதும் 1950கள்ல யுரேனியம் தேடி வந்தவங்க புல்டோசர் வச்சுப் போட்டது, புதுசா யாரும் காட்டை வெட்டல. எங்க அப்பாவுக்கு முட்டி ஆபரேஷன் ஆச்சு, அரை மைல்கூட நடக்க முடியாது, ஜீப்ல போனதாலதான் அந்தச் செம்பாறையெல்லாம் அவர் கண்ணால பார்த்தாரு. நடக்கிறவனுக்கு மட்டும்தான் பொது நிலமா?

பாதையை விட்டு எறங்கி மண்ணு மேல வண்டி ஓட்டுறவனுக்கு நான் வக்காலத்து வாங்கல, அங்க மண்ணு மேல கருப்பா ஒரு உயிருள்ள பொருக்கு இருக்கு, ஒருதடவை டயர் ஏறுனா திரும்ப வர பல வருஷம் ஆகும், அவனுக்கு நல்லா ஃபைன் போடுங்க. ஆத்தோரம் சத்தம் தாங்கலன்னு படகுல போறவங்க சொல்றதும் நியாயம்தான், அதுக்கு சீசன் பார்த்து மூடலாம், பர்மிட் வைக்கலாம்.

மொத்தமா மூடுனா கேள்வி கேக்கத்தான் செய்வாங்க. மூடணும்னு கேஸ் போடுற சுற்றுச்சூழல் அமைப்புகளுக்கு முழுநேர வக்கீலே இருக்காங்க, வார லீவுல ஜீப் ஓட்டுற மெக்கானிக்குக்கு யார் இருக்கா? அதான் ப்ளூரிப்பன் கோயலிஷனுக்கு வருஷா வருஷம் கொஞ்சம் டொனேஷன் அனுப்புறேன்.

— ஒரு வாசகர், யூட்டா