சிரிக்க வைக்கும் ஜோடி, கலங்க வைக்கும் கதை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த ரசிகர் புனைவு பற்றிய கட்டுரையைப் படித்தேன். பிடித்த கதையின் பாத்திரங்களை வைத்து ரசிகர்களே எழுதும் கதைகளைத்தான் அப்படிச் சொல்கிறோம். அவற்றில் பொருந்தாத பாத்திரங்களைக் காதல் ஜோடிகளாகச் சேர்த்து வைப்பதை வெறும் கேலி விளையாட்டு என்று கட்டுரையாளர் ஒதுக்கிவிட்டது வருத்தமாக இருந்தது. பல ஆண்டுகளாக இந்தக் கதைகளைத் தேடிப் படிக்கிறவள் நான். சிரித்துக்கொண்டே தொடங்கி, முடிக்கும்போது மனம் கனத்துப் போய் உட்கார்ந்திருந்த இரவுகள் எத்தனையோ.

ஹாரி பாட்டர் வரிசையிலிருந்தே ஒரு ஜோடியைச் சொல்கிறேன். ஹாக்வார்ட்ஸ் என்ற மந்திரப் பள்ளியின் கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் ஃபில்ச், நூலகர் மேடம் பின்ஸ். பிள்ளைகளைக் கண்டாலே எரிந்து விழுகிற இருவர். 2005-இல் வந்த ஆறாவது புத்தகத்தில், இவர்களுக்குள் ஏதோ இருக்கிறதோ என்று பிள்ளைகள் போகிற போக்கில் பேசிக்கொள்கிறார்கள். அப்புறம் தலைமையாசிரியர் டம்பிள்டோரின் இறுதிச் சடங்கில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். அவள் முகத்தில் கனத்த கறுப்புத் திரை. அவர் உடம்பில் பாச்சை உருண்டை வாசம் அடிக்கும் பழைய கறுப்பு கோட்டு. மூலத்தில் கிடைப்பது ஏறக்குறைய இவ்வளவுதான்.

இதை வைத்து நகைச்சுவை எழுதுவது சுலபம். ஆனால் நல்ல ரசிகர் எழுத்தாளர் இரண்டாவது புத்தகத்துக்குத் திரும்பிப் போகிறார். ஃபில்ச் ஒரு ஸ்குவிப். மந்திரக் குடும்பத்தில் பிறந்தும் மந்திரம் வராதவர். அது வெளியே தெரியாமல் 'க்விக்ஸ்பெல்' என்ற தபால்வழிப் பாடத்தை வரவழைத்துப் படிக்கிறார். அந்த உறை ஹாரியின் கண்ணில் பட்டுவிட்டது என்று தெரிந்ததும் கூனிக் குறுகிப் போகிறார். அவருடைய பூனை கல்லாய்ச் சமைந்தபோது அழுகிறார். அந்த ஆளுக்கு ஒரு துணை வேண்டும் என்று ஒரு வாசகிக்குத் தோன்றினால் அதில் கேலிக்கு என்ன இருக்கிறது?

நான் படித்த ஒரு கதையில், பிள்ளைகள் நடையில் போட்டுவிட்டுப் போன புத்தகங்களை ஃபில்ச் மாலைதோறும் நூலகத்துக்குக் கொண்டுவருவார். யாருக்கு என்ன தண்டனை தரலாம் என்று இருவரும் மணிக்கணக்கில் பேசுவார்கள். அவர்களுடைய கொஞ்சல் மொழியே அதுதான். படிக்கும்போது சிரிப்பை அடக்க முடியவில்லை. பிறகு ஒரு சின்ன விவரம் வருகிறது. தனியாக இருக்கும்போது மந்திரக்கோலை ஒரு சுழற்று சுழற்றி விளக்குகளை அணைக்கும் பின்ஸ், அவர் வந்திருக்கும் நாளில் மட்டும் ஒவ்வொரு விளக்கிடமும் நடந்து போய் வாயால் ஊதி அணைக்கிறாள். காரணம் சொல்வதில்லை. அவரும் கேட்பதில்லை. அந்தப் பத்தியை நான் நான்கு முறை படித்தேன்.

நம்ப முடியாத ஜோடியை ரசிகர்கள் 'கிராக் ஷிப்' என்பார்கள். அறிபுனை, மிகுபுனை எழுத்துக்கான ஹியூகோ விருதை 2019-இல் பெற்ற 'ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓன்' என்ற ரசிகர் புனைவு இணையதளத்தில் 'கிராக் ட்ரீட்டட் சீரியஸ்லி' என்றே ஒரு குறிச்சொல் உண்டு. கோமாளித்தனமான யோசனையை மனதார நம்பி எழுதிய கதை என்று அர்த்தம். இந்த இருவரும் முதலில் என்னதான் பேசிக்கொள்வார்கள் என்று யோசிக்கும்போதே சிரிப்பு வந்துவிடுகிறது. சோகம் வேறு இடத்திலிருந்து வருகிறது. மூலக் கதையில் இவர்களுக்கு இடம் இல்லை என்பது எழுதுகிறவருக்கும் தெரியும், படிக்கிறவருக்கும் தெரியும். நாயகன் கடந்து போகும்போது ஒரு வரி கிடைக்கும், அவ்வளவுதான். மீதி வாழ்க்கையை யாரோ முகம் தெரியாத ஒருவர், காசு வாங்காமல், ராத்திரி கண் விழித்து எழுதித் தருகிறார்.

இந்தக் கதைகளில் இரண்டையாவது முழுதாகப் படித்துவிட்டு, கட்டுரையாளர் இன்னொரு முறை எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அந்தப் பாச்சை உருண்டை வாசக் கோட்டை ஃபில்ச் அதற்கு முன்பு எப்போது போட்டிருப்பார் என்பதையும் அவர் கொஞ்சம் யோசித்துப் பார்க்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
தஞ்சாவூர்