வண்டிக்குப் பின்னால் ஒரு வண்டி

திருச்சி
ஞாயிறு காலை

அன்புள்ள கயல்,

நலம். நலமறிய ஆவல். ஜெர்மனியிலிருந்து நீ அனுப்பிய படம் வந்தது. புது பேட்டரி சைக்கிள் பக்கத்தில் மாப்பிள்ளை நிற்கிறார், பின்னால் இரண்டு சக்கர டிரெய்லர். மாப்பிள்ளை இளைத்துவிட்டாரா என்று அம்மா பார்த்தாள். நான் டிரெய்லரைச் சைக்கிளோடு மாட்டும் கொக்கியைத் தேடினேன். படத்தில் அது மட்டும் தெரியவில்லை.

கார் நிறுத்த இடமில்லை, கடைச் சாமானுக்கு இதுவே போதும் என்று எழுதியிருந்தாய். நல்ல முடிவுதான். குட்டிப்பயலையும் இதிலேயே உட்காரவைத்து விளையாட்டுப் பள்ளிக்குக் கொண்டுவிடலாம் என்று அடுத்த வரியில் எழுதியிருந்தாயே, அதைப் படித்ததிலிருந்துதான் எனக்குத் தூக்கம் போயிற்று.

நம் சோடா வண்டி ஞாபகம் இருக்கிறதா? டிவிஎஸ் 50 வந்தது 1980-ல். பெடல் வைத்த வண்டி, மேட்டில் திணறினால் மிதித்துக் கொடுக்க வேண்டும். அந்த வகையில் உன் சைக்கிளுக்கு அது பெரியப்பா முறை. நான் பழசாக வாங்கினேன். லேத் பட்டறையில் ஆங்கிள் இரும்பில் ஒரு சட்டம் அடித்து, இரண்டு சைக்கிள் சக்கரம் போட்டு, ஆறு கிரேட் கோலி சோடாவும் கலரும் ஏற்றிப் பெட்டிக்கடை பெட்டிக்கடையாகப் போடுவேன். போலீஸ் கண்ணில் பட்டால் வம்பு என்று பாதி டெலிவரி விடியற்காலையிலேயே முடிந்துவிடும். உங்கள் ஊரில் அந்தத் தொல்லை இல்லை.

1995 கோடை. உனக்கு ஆறு வயது. நானும் வருவேன் என்று அடம்பிடித்தாய். முன்னாலிருந்த கிரேட்டுகளை முதல் மூன்று கடையில் இறக்கிவிட்டேன், எடுக்கச் சுலபம் என்று. மிச்சம் மூன்றும் டிரெய்லரின் வால் பக்கம். காலியான இடத்தில் சாக்கை விரித்து உன்னை உட்காரவைத்தேன். கோட்டை ஸ்டேஷன் பாலம் ஏறும்போதே பின்சக்கரம் லேசாகிவிட்டது தெரிந்தது, வால் கனம் கொக்கியை மேலே தூக்கியிருக்கிறது. இறக்கத்தில் டிரெய்லர் பாம்பு மாதிரி நெளிய ஆரம்பித்தது. பயந்து பிரேக்கைப் பிடித்தேன். அது பக்கவாட்டில் வந்து வண்டியை மடக்கிப் போட்டது.

உன் இடது முட்டித் தழும்பு ஊஞ்சலில் விழுந்து வந்ததில்லை. அம்மாவிடம் அப்படிச் சொல்ல உனக்கு ஒரு பன்னீர் சோடா லஞ்சம் கொடுத்தேன். நிஜமாகவே மறந்துவிட்டாயா, இல்லை இத்தனை வருஷமும் வாங்கிய சோடாவுக்கு விசுவாசமாக இருக்கிறாயா, தெரியவில்லை.

அதனால் சொல்கிறேன். படத்தில் இருப்பது சாமான் டிரெய்லர். குழந்தை அதில் உட்காரவே கூடாது, தெருமுனை வரைக்கும்கூட. இருக்கையும் பெல்ட்டும் கூண்டும் வைத்துக் குழந்தைக்கென்றே செய்த டிரெய்லர் தனியாக இருக்கிறது. டிரெய்லரில் ஏற்றுவதென்றால் உங்கள் ஊர்ச் சட்டமும் ஏழு வயது நிரம்பாத பிள்ளையை அதில்தான் ஏற்றச் சொல்கிறது. பழசு கிடைத்தாலும் பரவாயில்லை, நான் பணம் அனுப்புகிறேன். மணிக்கு 45 கிலோமீட்டர் போகிற வேக மாடலை நீங்கள் வாங்காததும் நல்லதாயிற்று. அதன் பின்னால் குழந்தை டிரெய்லர் மாட்ட அங்கே அனுமதி கிடையாது. உங்களுடையது 25-ஐத் தாண்டினால் மோட்டார் ஒதுங்கிக்கொள்ளும், அது போதும்.

சாமானுக்கு வருகிறேன். கனமானதை அச்சுக்குச் சற்று முன்னால் தள்ளி, அடியில் வை. ஏற்றி முடித்ததும் கொக்கிப் பக்கத்தை ஒரு கையால் தூக்கிப் பார். நாலைந்து கிலோ கனம் தெரிய வேண்டும். தானாக மேலே எழும்பினால் எல்லாவற்றையும் இறக்கிவிட்டு மறுபடி அடுக்கு. வழியில் எதையாவது இறக்கினாலும் இதையே செய், நான் செய்யாமல் விட்டது அதுதான். பிரேக் இல்லாத டிரெய்லருக்கு 40 கிலோ, பிரேக் இருந்தால் 80 கிலோ என்பது ஜெர்மனியில் சொல்லும் கணக்கு. தண்ணீர் பாட்டில் கேஸ்களை அடுக்கும்போது அந்த 40 எவ்வளவு சீக்கிரம் வந்துவிடும் என்று உனக்கே தெரியும்.

ஸ்டுட்கார்ட் கிண்ணம் மாதிரி ஊர் என்பாய். மேட்டுக்குச் சைக்கிளை ஏற்றிப் போகப் பல்சக்கர ரயிலில் தனி வண்டியே இருக்கிறது என்றால் மேடு எப்படி இருக்கும்! நூறு மீட்டருக்குப் பத்து மீட்டர் ஏறும் தெருவில், உன்னையும் சேர்த்து எல்லாமாக 140 கிலோ என்றால், 14 கிலோ மூட்டை ஒன்று விடாமல் பின்னால் பிடித்து இழுக்கிற கணக்கு. ஏறும்போது மோட்டார் பார்த்துக்கொள்ளும், பேட்டரிதான் சீக்கிரம் தீரும். இறங்கும்போது அதே 14 கிலோ முதுகில் கைவைத்துத் தள்ளும். வேகம் 20-லிருந்து 30 ஆனால் பிரேக் பிடித்து நிற்கும் தூரம் இரண்டே கால் மடங்கு. உச்சியிலேயே வேகத்தைக் குறைத்துக்கொண்டு இறங்கு, பாதியில் பிடித்துக்கொள்ளலாம் என்று நினைக்காதே. ஈர இலை கிடக்கும் மாதங்களில் இன்னும் மெதுவாக.

மோட்டார் பின்சக்கர நடுவில் இருக்கிறதா, பெடல் பக்கமா என்று மாப்பிள்ளையைக் கேள். பின்சக்கரத்தில் என்றால் அந்த அச்சின் இரண்டு பக்கமும் தட்டையாகச் சீவியிருக்கும், மோட்டார் இழுக்கும்போது அச்சும் திரும்பப் பார்க்கும். அதில் கொக்கித் தகட்டையும் செருகிவிட்டு நட்டுக்கு இரண்டு மரை மட்டும் மிச்சம் வைத்தால் போச்சு, கடைக்காரரிடம் காட்டாமல் ஓட்டாதே. பெடல் பக்கம் என்றால் செயின் சீக்கிரம் தேயும். சிக்னலில் நிற்பதற்கு முன்பே கியரை இறக்கிவிடு.

திருப்பத்தில் டிரெய்லர் உள்பக்கமாக வெட்டும், கம்பத்தை ஒட்டித் திரும்பாதே. பின்னால் சிவப்பு விளக்கும் உயரமாக ஒரு கொடியும் இருக்கட்டும்.

கொக்கி கழன்றாலும் டிரெய்லர் ஓடிவிடாமல் பிடிக்க ஒரு வார் கொடுத்திருப்பார்கள். அதைச் சைக்கிள் சட்டத்தைச் சுற்றி மாட்டிவிட்டு, கொக்கியைக் கிட்டத்தில் படம் எடுத்து அனுப்பு. அம்மா நம்பருக்கு வேண்டாம், என் நம்பருக்கு. இந்தக் கடிதத்தையும் அவளிடம் போனில் படித்துக் காட்டிவிடாதே.

அன்புடன்,
அப்பா