மில் கொட்டகை ஷீட்டை உடைக்காதே

சேகர்,

உன் கடிதம் வந்தது. பெண்ணுக்கு வேலை கிடைத்ததில் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம், ஸ்வீட் பாக்கி இருக்கிறது, மறந்துவிடாதே. இங்கே முத்தியால்பேட்டையில் புதிதாக ஒன்றும் இல்லை. அம்மாவுக்கு முட்டிவலி, எனக்குச் சர்க்கரை, அவ்வளவுதான்.

உடனே பதில் எழுதக் காரணம், கடலூர் முதுநகரில் அப்பாவின் ரைஸ் மில் கொட்டகையைப் பிரிக்கப்போவதாக நீ எழுதியதுதான். மேஸ்திரி ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டையெல்லாம் சம்மட்டியால் உடைத்து வாசல் பள்ளத்தை ரொப்பித் தருகிறேன் என்றாராமே. செலவு மிச்சம்தான், ஆனால் அதை மட்டும் செய்யவிடாதே.

இத்தனை வருஷம் அந்தக் கூரைக்குக் கீழே இருந்தோமே என்று பயப்படாதே. ஷீட்டில் பெரும்பகுதி சிமெண்ட், கல்நார், அதாவது ஆஸ்பெஸ்டாஸ், பத்து சதவீதம் சொச்சம் இருக்கும், அது சிமெண்டோடு இறுகிக் கிடக்கும்வரை பெரிய தொந்தரவு இல்லை. உடைக்கும்போதும், மெஷின் வைத்து அறுக்கும்போதும், துளை போடும்போதும்தான் நார் தூசியாகப் பறக்கும். கண்ணுக்குத் தெரியாது, வாசனை கிடையாது. நுரையீரலுக்குள் ஆழமாகப் போய்த் தங்கிவிட்டால் உடம்பால் அதைக் கரைக்க முடியாது, அதைச் சுற்றித் தழும்பு ஏறி ஏறி மூச்சு அடைக்கும், ஆஸ்பெஸ்டோசிஸ் என்பது இதுதான். நுரையீரல் புற்றுநோயும் வரும், நுரையீரல் சவ்வில் மீசோதீலியோமா என்று ஒரு கொடிய புற்றும் வரும். பீடி சிகரெட் பழக்கம் இருந்தால் நுரையீரல் புற்றுக்கான வாய்ப்பு பல மடங்கு. எல்லாம் 20, 30, 40 வருஷம் கழித்துத் தலைகாட்டுவதால் யாருக்கும் பழைய வேலை ஞாபகத்துக்கு வராது. 1995-இல் சுப்ரீம் கோர்ட், கல்நார்த் தொழிற்சாலைகள் தொழிலாளியின் மருத்துவப் பதிவை 40 வருஷம் வைத்திருக்க வேண்டும் என்று சொன்னது சும்மா இல்லை.

ஷீட்டைவிட எனக்குக் கவலை அந்த நெல் அவிக்கும் பாய்லர். நீராவிக் குழாய் மேலே வெள்ளையாகப் பூசி, கயிறு சுற்றி வைத்திருப்பார்களே, சின்ன வயதில் நாம் பிய்த்து விளையாடினோமே, அது கல்நாராக இருக்க நிறையவே வாய்ப்பு உண்டு. அதில் சிமெண்ட் பிடிப்பு கிடையாது, கையால் தொட்டாலே உதிரும். பார்த்து மட்டும் சொல்ல முடியாது, மைக்ரோஸ்கோப்பில்தான் தெரியும், அதுவரை கல்நார் என்றே நினைத்துக்கொள். காயலான் கடைக்காரன் இரும்புக்காக அதை உரித்துத் தள்ள வருவான், உள்ளே விடாதே.

நம்ம ஊர்க்காரர்களுக்கு இது உறைப்பதில்லை. 2011 டிசம்பரில் தானே புயல் அடித்துக் கடலூரே ஷீட் துண்டாகக் கிடந்தபோது எல்லோரும் வெறுங்கையால்தானே பொறுக்கினோம், பாதி இன்னும் கோழிக்கூண்டு மேலேயும் விறகு மேலேயும் இருக்கிறது. இங்கே பாண்டியில் பிரெஞ்சு பென்ஷன் வாங்குகிற பெரியவர்களுக்கு இது கொஞ்சம் தெரியும். பிரான்ஸ் 1997-லேயே கல்நாருக்குத் தடை போட்டுவிட்டது. ஆனால் அதே பிரான்ஸ், கல்நார் அடைத்திருந்த கிளெமான்சோ என்ற பழைய போர்க்கப்பலை உடைக்க நம்ம குஜராத்தின் அலங்குக்கு அனுப்பியது, பெரிய எதிர்ப்புக் கிளம்பி 2006-இல் திருப்பி எடுத்துக்கொண்டது. அவன் ஊரில் விஷம், இங்கே மட்டும் என்னவாம்!

சரி, செய்யவேண்டியதைச் சொல்கிறேன். ஷீட்டை நன்றாகத் தண்ணீர் தெளித்து ஈரமாக்கி, அதைப் பிடித்திருக்கும் ஜே-போல்ட்டைக் கழற்றி முழுசாக இறக்கச் சொல். யாரும் மேலே ஏறி நடக்கக்கூடாது, பழைய ஷீட் பொசுக்கென்று உடைந்து ஆள் கீழே விழுவது அடிக்கடி நடக்கிறது, அது நாற்பது வருஷம் காத்திருக்காது. கைக்குட்டை கட்டினால் போதாது, இந்தத் தூசிக்கென்றே வருகிற மாஸ்க் வேண்டும். காய்ந்த தூசியைத் துடைப்பத்தால் பெருக்காதே, ஈரத்துணியால் துடைத்து அந்தத் துணியையும் சேர்த்துத் தடிமனான பாலித்தீன் பையில் கட்டு. வேலை செய்த உடுப்போடு யாரும் வீட்டுக்குப் போகவேண்டாம், அதைத் துவைக்கிற பொம்பளைக்கும் நோய் வந்திருக்கிறது. குப்பையை எங்கே கொடுப்பது என்று கடலூர் மாசுக் கட்டுப்பாட்டு வாரிய ஆபீசில் முதலில் கேள், பாய்லர் குழாய் விஷயத்தையும் சொல், அதை மேஸ்திரி கையில் விடாதே.

கூலி கூடத்தான் ஆகும். மேஸ்திரி சிரிப்பார், சிரிக்கட்டும். அவரோடு வரும் பையன்களுக்கு வயசு இருபதுதானே.

பேசிவிட்டு போன் பண்ணு. ஞாயிற்றுக்கிழமை நானும் வருகிறேன், அண்ணி மீன் குழம்பு வைத்தால் இன்னும் நல்லது.

உன்,
ரவி