நுரையீரல் புற்றுநோயின் ஸ்டேஜைச் சரியாகக் கணிக்க உதவுவோருக்கு நன்றி மடல்

அன்புடையீர்,

நுரையீரல் புற்றுநோய்க்கான சிகிச்சையை முடிவுசெய்யும் மருத்துவக் குழுவினர் எழுதுகிறோம். 'ஸ்டேஜ் 2பி', '3ஏ' என்று நாங்கள் சொல்வதெல்லாம் உங்கள் கைவேலை.

சிடி ஸ்கேன் தொழில்நுட்பர்களே, கட்டியின் அளவைக் குறிக்கும் 'டி' குறியீட்டில் 3 செ.மீ. வரை டி1, 4 வரை டி2ஏ, 5 வரை டி2பி, 7 வரை டி3, அதற்கு மேல் டி4. எல்லையில் நிற்கும் கட்டிக்கு 5 மி.மீ. தடிமன் படங்கள் போதாது. நோயாளியை மூச்சடக்கச் செய்து 1 மி.மீ. படங்கள் எடுத்துத் தருகிறீர்கள். நன்றி.

புற்றுநோய் பரவிய இடங்களை ஒளிரக் காட்டும் பெட் ஸ்கேனில், காசநோய் தாக்கிய நிணநீர்க் கணுவும் ஒளிரும். அதை மட்டும் நம்பி யாருக்கும் அறுவை சிகிச்சையை மறுக்க முடியாது. எண்டோஸ்கோபி வழியே கணுவில் ஊசி செலுத்தி, செல்களை எடுத்துப் பார்த்தே ஆகவேண்டும். எண்டோஸ்கோபி அறைச் செவிலியர்களுக்கு இங்கே பெரிய கடன்பட்டிருக்கிறோம். புற்றுநோய் எந்தக் கணுவரை பரவியது என்பதைக் குறிப்பது 'என்' குறியீடு. எதிர்ப்பக்கக் கணு (என்3) முதலில், பிறகு நடு மார்பு (என்2), கடைசியில் கட்டியின் பக்கத்து என்1 என்ற வரிசை குலையாமல் பார்த்துக்கொள்வது நீங்கள்தான். தலைகீழாகப் போனால் ஊசியில் ஒட்டிய புற்றுநோய்ச் செல்கள் என்3 மாதிரியில் கலந்துவிடும். சிறு கட்டியோடு 2ஏ-வில் இருப்பவர் 3பி ஆகி, அறுவை சிகிச்சை வாய்ப்பையே இழப்பார்.

நிணநீர்க் கணுவில் இருக்கவேண்டிய லிம்போசைட்டே (ஒருவகை வெள்ளணு) இல்லாத ஸ்லைடை 'புற்றுநோய் இல்லை' என்று எழுதாமல் 'மாதிரி போதவில்லை' என்று திருப்பி அனுப்பும், செல்களை ஆராயும் சைட்டாலஜி நண்பர்களே, அந்தப் பிடிவாதம் தொடரட்டும்.

அறுவை அரங்க உதவியாளர்கள் ஒவ்வொரு கணுவையும் தனிப் புட்டியில் இட்டு '4ஆர்', '7' என்று மார்பில் அது இருந்த இடத்தின் எண்ணை எழுதுகிறார்கள். ஸ்டேஜ் பிரிக்கும் வகைப்பாட்டின், 2025-இல் நடைமுறைக்கு வந்த 9-ஆம் பதிப்பில் இது கூடுதல் முக்கியம். 2 செ.மீ. கட்டி, என்2 கணுக்களில் ஒரே இடத்தில் பரவியிருந்தால் 2பி; இரண்டு இடங்களில் என்றால் 3ஏ. எல்லாவற்றையும் ஒரே புட்டியில் போட்டுவிட்டால், எத்தனை கெட்டிக்கார நோயியல் நிபுணராலும் இதைப் பிரித்துச் சொல்ல இயலாது.

8-ஆம் பதிப்புக்காகத் திரட்டப்பட்டவை 94,708 பேரின் பதிவுகள். அவர்களுக்கும் நன்றி. அவர்கள் தந்த உயிர்வாழ்வு விகிதங்கள் ஒரு கூட்டத்துக்கானவை. எதிரே அமர்ந்திருப்பவரின் வயது, மூச்சுத் திறன், கட்டியின் மரபணு மாற்றம் எதுவும் அந்த எண்ணில் இல்லை. இதை ஒவ்வொரு குடும்பத்துக்கும் பொறுமையாக விளக்கும் ஆலோசகர்களுக்கும், 'ஸ்டேஜ் தெரியவில்லை' என்ற கட்டத்தை நிரப்பும்வரை எங்களை விடாமல் துரத்தும் பதிவேட்டுப் பணியாளர்களுக்கும் எங்கள் வணக்கம்.

நன்றியுடன்,
நுரையீரல் புற்றுநோய் சிகிச்சைக் குழு