மழை நனைத்த பிளாட்பாரம்

மான்செஸ்டர்,
ஞாயிறு காலை

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் போன வாரம் வந்து சேர்ந்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் நிம்மதி. சொட்டு மருந்தை நேரம் தவறாமல் விட்டுக்கொள்ளச் சொல். இங்கே எல்லோரும் சௌக்கியம். பெரியவனுக்கு லீட்ஸில் வேலை கிடைத்துவிட்டது, சனி ஞாயிறில் வந்து போகிறான்.

உன் மகள் கிட்டார் கற்றுக்கொள்கிறாள் என்ற வரியை நாலைந்து தடவை படித்தேன். ராக் இசையை ஆரம்பித்தது யார் என்று அவள் கேட்டாள், எல்விஸ் என்று சொன்னேன், சக் பெர்ரி என்று சொன்னேன், எனக்கே திருப்தியாக இல்லை, நீ சொல் என்று எழுதியிருக்கிறாய். உடனே நம் ஹாஸ்டல் அறைதான் ஞாபகம் வந்தது. மெஸ் பில்லில் மிச்சம் பிடித்து, வெள்ளைத்தாளில் பாட்டுப் பட்டியல் எழுதி, கேசட் ரெக்கார்டிங் கடையில் கொடுத்துவிட்டு ஒரு வாரம் காத்திருப்போமே! அந்தப் பட்டியல்கள் எதிலும் ஒரு பெண்ணின் பெயர்கூட இருந்ததில்லை. இருந்திருக்க வேண்டிய பெயர் சிஸ்டர் ரொசெட்டா தார்ப். உன் மகளுக்கு அவரிடமிருந்து ஆரம்பித்துச் சொல்.

இந்த இசையை ஒரே ஆள் கண்டுபிடித்தார் என்று யாரைக் காட்டினாலும் அது பொய்யாகிவிடும். ஆனால் மின்சார கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு, பாடிக்கொண்டே நடுவில் கம்பிகளை அலறவிட்டு, கூட்டத்தை எழுந்து நிற்க வைக்கும் அந்த உருவம் இருக்கிறதே, நாம் போஸ்டரில் பார்த்து மயங்கியது, அது அவரிடம் முன்பே முழுசாக இருந்தது.

1915-ல் அமெரிக்காவின் அர்கன்சாஸ் மாநிலத்தில் காட்டன் பிளான்ட் என்ற சின்ன ஊரில் பிறந்தவர். பருத்திச் செடி என்றே ஊருக்குப் பெயர். அம்மா மாண்டலின் வாசித்துக்கொண்டே பிரசங்கம் செய்தவர். கைதட்டி, ஆடி, உரக்கப் பாடி வழிபடும் கறுப்பின மக்களின் சபை அவர்களுடையது. ஆறு வயதிலேயே அம்மாவோடு ஊர் ஊராகப் போய் கிட்டார் வாசித்துப் பாடியிருக்கிறார். பிறகு சிகாகோ, அப்புறம் நியூயார்க். 1938 அக்டோபரில் டெக்கா நிறுவனத்துக்காக முதல் இசைத்தட்டுகள். அதே வருடம் காட்டன் கிளப் என்ற இரவு விடுதியில் பாடினார், டிசம்பரில் கார்னகி ஹாலில் பாடினார். தேவாலயத்தில் பாடவேண்டிய பாட்டை மது விடுதியில் பாடுகிறாளே என்று சபைக்காரர்களுக்குக் கோபம். அந்தக் கோபம் கடைசிவரை முழுசாகத் தீரவில்லை. அவரோ இரண்டு இடத்திலும் பாடுவதை விடவில்லை.

1944-ல் பதிவு செய்த 'ஸ்ட்ரேஞ்ச் திங்ஸ் ஹேப்பனிங் எவ்ரி டே' பாட்டைத் தேடிப் போட்டுக் கேள். பியானோ உருண்டுகொண்டே போகும், கிட்டார் நடுவில் பாய்ந்து வரும். அடுத்த வருடம் பில்போர்டு பத்திரிகையின் கறுப்பின இசைப் பட்டியலில் அது இரண்டாம் இடம் வரை போனது. எல்விஸ் மெம்ஃபிஸில் தன் முதல் வெற்றிப் பாட்டைப் பதிவு செய்தது 1954 ஜூலையில். சக் பெர்ரியின் முதல் இசைத்தட்டு 1955-ல். கணக்கை நீயே போட்டுக்கொள்.

1947-ல் ஜார்ஜியாவின் மேக்கன் ஊருக்கு அவர் கச்சேரிக்குப் போனபோது, அரங்கில் கோகோ கோலா விற்றுக்கொண்டிருந்த 14 வயதுப் பையன் ஒருவன் அவருடைய பாட்டையே பாடுவதைக் கேட்டார். மேடைக்கு அழைத்துப் பாட வைத்தார், கையில் பணமும் கொடுத்தார். அந்தப் பையன்தான் பின்னாளில் ராக் பாடகராகப் புகழ்பெற்ற லிட்டில் ரிச்சர்ட். 1951-ல் வாஷிங்டனில் ஒரு பேஸ்பால் மைதானத்தில் டிக்கெட் போட்டுத் தன் கல்யாணத்தையே நடத்தினார். 20,000 பேருக்கு மேல் வந்தார்கள். தாலி கட்டின கையோடு என்று நாம் சொல்வோமே, அதுபோல மணக்கோலத்திலேயே கிட்டாரை மாட்டிக்கொண்டு கச்சேரி செய்தார்.

சரி, இதெல்லாம் எனக்கு எப்படித் தெரிய வந்தது என்று சொல்கிறேன். இங்கே ஃபாலோஃபீல்டு லூப் என்று ஒரு நடைபாதை இருக்கிறது. தண்டவாளத்தை எடுத்துவிட்டு நடக்கவும் சைக்கிள் ஓட்டவும் விட்ட பழைய ரயில் பாதை. சர்க்கரைக்காக டாக்டர் நடக்கச் சொன்னதிலிருந்து தினமும் அதில்தான் நடக்கிறேன். எட்டு வருடம் நடந்த பிறகுதான், வழியில் வில்ப்ரஹாம் ரோடு ஸ்டேஷன் இருந்த இடத்தில் என்ன நடந்தது என்று தெரிந்தது.

1958-ல் மூடிப்போன ஸ்டேஷன் அது. 1964 மே 7-ம் தேதி கிரானடா தொலைக்காட்சி அங்கே ஒரு நிகழ்ச்சி படம் பிடித்தது. ஒரு பிளாட்பாரத்தை அமெரிக்கத் தெற்குப் பக்கத்து ஸ்டேஷன் மாதிரி ஜோடித்தார்கள். இளைஞர்களைத் தனி ரயிலில் கூட்டிவந்து எதிர்ப் பிளாட்பாரத்தில் உட்கார வைத்தார்கள். ப்ளூஸ் பாடகர் மடி வாட்டர்ஸ்கூட அன்று பாடியிருக்கிறார். நடுவில் மழை பிடித்துக்கொண்டது, நம் ஊர் ஐப்பசி மழை மாதிரி. ரொசெட்டா தார்ப் குதிரை வண்டியில் வந்து இறங்குகிறார். 49 வயது. நீளக் கோட்டு, குதிகால் உயர்ந்த செருப்பு. ஈரத்தில் மின்னுகிற பிளாட்பாரத்தில் நடந்துபோய் வெள்ளை கிப்சன் கிட்டாரை மாட்டிக்கொள்கிறார். முதலில் எடுத்த பாட்டு எது தெரியுமா? 'டிட்ன்ட் இட் ரெய்ன்'. நோவா காலத்து வெள்ளத்தைப் பற்றிய பழைய பக்திப் பாட்டு. கொட்டுகிற மழையைப் பார்த்து அந்த இடத்திலேயே முடிவு செய்தது.

அந்த வீடியோ இருக்கிறது, மாப்ளே. நடுவில் பாட்டை நிறுத்திவிட்டு கிட்டாரை மட்டும் வாசிக்கிறாரே, அந்த இடத்தைப் பார். கை அலட்டிக்கொள்ளவே இல்லை. ஒரு கம்பியை இழுத்து வளைத்து, அது அழுது முடிக்கும் வரை காத்திருந்து, அடுத்ததற்குப் போகிறார். முகத்தில் சிரிப்பு. எதிர்ப்பக்கம் குளிரில் ஒடுங்கி உட்கார்ந்திருந்த பிள்ளைகள் கைதட்ட ஆரம்பிக்கிறார்கள். முதல்முறை பார்த்தபோது நான் சமையலறையில் நின்றுகொண்டிருந்தேன். அடுப்பில் ரசம் பொங்கி வழிந்தது, நகரவில்லை.

முடிவைச் சொல்லத்தான் மனசு வரவில்லை. 1970-ல் பக்கவாதம் வந்தது. சர்க்கரை நோயால் ஒரு காலை எடுத்தார்கள். அதற்கு அப்புறமும் பாடினார். 1973 அக்டோபர் 9-ம் தேதி ஃபிலடெல்பியாவில் காலமானார். புதைத்த இடத்தில் ஒரு கல்கூட இல்லை. 2008-ல் அதற்கென்றே கச்சேரி நடத்திப் பணம் திரட்டித்தான் கல் வைத்தார்கள். கிளீவ்லாந்தில் ராக் கலைஞர்களுக்காக ஒரு கௌரவ மண்டபம் இருக்கிறதல்லவா, 1986-ல் முதல் வரிசையில் எல்விஸ், சக் பெர்ரி, லிட்டில் ரிச்சர்ட் எல்லோரும் சேர்ந்துவிட்டார்கள். 1992-ல் பாடகர் ஜானி கேஷைச் சேர்த்தபோது, தன்னைப் பாதித்தவர்களைச் சொல்லும் இடத்தில் மேடையிலேயே இவர் பெயரைச் சொன்னார். அதற்குப் பிறகும் 2018 வரை இவரைச் சேர்க்கவில்லை. எனக்கு இது இன்னும் ஆறவில்லை.

விரல் நுனி வலிக்கிறது, விட்டுவிடவா என்று உன் மகள் கேட்கிறாளாமே? அவளுக்கு டோனி ஐயோமி கதையைச் சொல். 'பிளாக் சபாத்' குழுவின் கேசட்டை நாடா அறுந்துபோகும் வரை போட்டோமே, அதன் கிட்டார்காரர் ஐயோமிதான். பர்மிங்காமில் தகரத் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். 17 வயதில், வேலையை விட்டு நிற்கப்போகிற கடைசி நாளில், இயந்திரத்தில் சிக்கி வலது கையில் இரண்டு விரல் நுனி போய்விட்டது. இடது கைக்காரர் என்பதால் கம்பியை அழுத்த வேண்டியது அந்த வலது கைதான். பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்குத் தொப்பி செய்து, மேலே தோல் ஒட்டி, மெல்லிய கம்பிகளைப் போட்டு வாசித்தார். பிறகு வலி குறையக் கம்பியைத் தளர்த்திச் சுருதியையும் இறக்கினார். நாம் ராத்திரி விளக்கை அணைத்துவிட்டுக் கேட்ட அந்தக் கனத்த ஒலியில் இதற்கும் பங்கு உண்டு. மகளிடம் சொல், விரல் நுனி இரண்டு மூன்று வாரத்தில் காய்த்துவிடும். அதுவரை தினம் பத்து நிமிடம் போதும்.

ஸ்டேஷன் இருந்த இடத்தில் இப்போது மரங்களும் செடிகொடிகளும்தான். நேற்றும் தூறல். காதில் அந்தப் பாட்டைப் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் அங்கே நின்றுவிட்டு வந்தேன். நீ டிசம்பரில் வருவதாக எழுதியிருக்கிறாய். டிசம்பர் வேண்டாம், நாலு மணிக்கே இருட்டிவிடும். மே மாதம் வா, 7-ம் தேதி இங்கே இருக்கிற மாதிரி டிக்கெட் போடு, சேர்ந்து நடப்போம். மகளையும் கூட்டி வா.

அவள் வாசிப்பதைப் போனில் பதிவு செய்து அனுப்பு. தப்பும் தவறுமாக இருந்தாலும் பரவாயில்லை. அம்மாவுக்கு என் வணக்கம்.

உன் பழைய அறைத்தோழன்